ஆல்டோ முந்துகிறது

வாங்க, வாங்க. பெல்லை அமுக்க வேண்டாம், நான்தான் திறந்துட்டேன்லா. கேட்டுச் சத்தம் கேட்டுது, எந்திரிச்சு வந்துட்டேன். செருப்பு அங்கனயே கிடக்கட்டும். காப்பி ஆத்தி வச்சிருக்கேன், சீனி போட்டாச்சு. என்ன, சீனி வேண்டாமா? இந்த வயசுலயே சுகரா? இல்லியா, சும்மா பழக்கமா? அப்போ ஒரு நாளைக்குக் குடிங்க, ஒண்ணும் ஆயிராது.

நீங்க என்ன கேக்கப் போறியன்னு எனக்குத் தெரியும் தம்பி. அருமைநாயகம் சார் எழுதினதை எல்லாம் ஒரே புத்தகமாச் சேக்கப் போறிய, அதுக்காக மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கிய, சாரைத் தெரிஞ்சவங்க வீடு வீடாப் போறிய. பாஸ்டர் நேத்தே சொல்லிட்டாவ. அந்தப் போனை ஏன் என் மூஞ்சிக்கு நேர வைக்கிய? பேச்சைப் பிடிக்கவா? அப்போ அந்த முறுக்குத் தட்டுக்குப் பக்கத்துல வைங்க. நான் கத்திப் பேசுதவ. பத்தடி தள்ளி வச்சாலும் அதுக்குக் கேக்கும்.

ஒண்ணு சொல்லிருதேன். நாலே முக்காலுக்குக் கோயில்குட்டியார் மணி அடிப்பாவ. கொயர் பிராக்டிசுக்கு அதுதான் முதல் மணி. அந்த மணி அடிச்சா நான் எந்திரிச்சிருவேன். அடிக்கலைன்னா அசையமாட்டேன், நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேக்கலாம். முப்பத்தி மூணு வருசம் பி.டி. டீச்சரா இருந்தவ நான். டயம்னா டயம். விசில் ஊதுறதுக்கு முன்னால ஒரு பிள்ள கோட்டைத் தாண்டி ஒத்தக் காலை வச்சாலும் சரி, கூப்பிட்டுத் திருப்பி நிறுத்திருவேன். இந்தப் பாளையங்கோட்டையில கேட்டுப் பாருங்க, ஜெபக்கனி டீச்சர்கிட்ட முந்தி ஓடித் தப்பிச்சவன் ஒருத்தன் கிடையாது.

இன்னைக்கு பிராக்டிஸ் ரொம்ப முக்கியம். நாளைக்கு சார் மறைஞ்சு அஞ்சாம் வருச ஞாபகார்த்த ஆராதனை. சார் எழுதி, சாரே மெட்டுப் போட்ட "காத்திருப்பேன் ஆண்டவரே"யப் பாடுதோம். நான் ஆல்டோ, பொம்பளையள்ல கீழ்க்குரல். முப்பத்தேழு வருசமா அந்தப் பாட்டுல நான்தான் முதல் ஆல்டோ. நாளைக்குப் பாடுவேனான்னுதான் தெரியல.

ஏனா? கோல்டுவின். இப்போ கொயர் மாஸ்டர் அவன்தான். நல்ல பையன், லண்டன் பரீட்சை எட்டு கிரேடும் பாசாயிட்டான், பியானோவுல கை வச்சா தேனா ஒழுகும். எல்லாம் சரிதான். ஆனா பாட்டு ஆரம்பிச்சா காதுல ஒரு ஒயரை மாட்டிக்கிடுவான், அதுக்குள்ள எதுவோ டிக்கு டிக்குன்னு அடிக்குமாம், அதுக்குத் தக்கன கையை ஆட்டுவான். போன சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் பாட்டை நிறுத்திட்டான். "டீச்சர், நீங்க ஒரு தட்டு முந்தி வாரீங்க. என் கையைப் பாத்துப் பாடுங்க. அடுத்த சனிக்கிழமையும் இப்படியே வந்தீங்கன்னா ஞாயித்துக்கிழமை நீங்க கீழ சபையில உக்காந்து கேளுங்க டீச்சர், ப்ளீஸ்." ப்ளீஸாம்! இவன் ஏழாங்கிளாஸ்ல நூறு மீட்டர் ஓட்டத்துல முந்தி ஓடினவன். மூணு தடவை திருப்பிக் கொண்டாந்து நிறுத்தினேன், மூணாந்தடவை அழுதுட்டான். அதை மனசுல வச்சுக்கிட்டு இப்போ பழி வாங்குதான், வேற என்ன?

அதுக்குத்தான் நீங்க வாரியன்னு பாஸ்டர் சொன்னதும் எனக்குச் சந்தோசம். கர்த்தர் அனுப்பிட்டாருன்னு நினைச்சேன். ஏன்னா ஆல்டோ முந்திதான் வரணும்னு சாரே கட்டுரை எழுதியிருக்காவல்லா. அதை நீங்க புத்தகத்துல போடுதிய. போட்டு, ஒரு வார்த்தை கோல்டுவின்கிட்டயும் சொல்லிருங்க. படிச்சவங்க சொன்னாக் கேப்பான்.

இருங்க, இருங்க. சாரைப் பத்தித்தானே கேக்க வாயெடுத்திய? சொல்லுதேன்.

சாருக்குக் காலேஜ்ல செடி கொடி பாடம். பாட்டனி. ஆனா செடிக்காக அவியளை யாருக்கும் தெரியாது, பாட்டுக்காகத்தான் தெரியும். நாப்பத்தோரு வருசம் நம்ம கோயில் கொயரை நடத்தினாவ. மிச்ச நேரம் முழுக்க நோட்டைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிருவாவ. சாத்தான்குளம் பக்கம், நாங்குநேரி பக்கம், எந்தக் குக்கிராமத்துல கோயில் இருந்தாலும் அங்க போய், என்ன பாட்டுப் பாடுதிய, எப்படிப் பாடுதிய, யார் சொல்லித் தந்தான்னு கேட்டு எழுதிருவாவ. ஒரே கீர்த்தனைக்கு எட்டு ஊர்ல எட்டு மெட்டு இருக்கும். எட்டையும் எழுதிக்கிட்டு வந்து, இலையைக் காகிதத்துக்குள்ள வச்சு அமுக்குவாவல்லா, அது மாதிரி பத்திரமா வச்சிருவாவ. எது சார் சரியான மெட்டுன்னு கேட்டா, "எல்லாம் சரிதான். யாரு, எந்த ஊரு, எந்த வருசம், அது தெரியணும்" அப்படிம்பாவ.

ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதமாட்டாவ. எழுத விடவும் மாட்டாவ. ஒரு தடவை பழைய பாஸ்டர் பிரசங்கத்துல, நம்ம கோயில் ஆர்கன் ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்தி ஒண்ணாம் வருசம் கப்பல்ல வந்ததுன்னு சொல்லிட்டாவ. ஆராதனை முடிஞ்சு வாசல்ல எல்லாரும் பாஸ்டருக்குக் கை குடுக்கோம். இவிய கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா, எழுவத்தி மூணு. தூத்துக்குடியில இருந்து இங்க வரைக்கும் மாட்டு வண்டி"ங்காவ. அந்த பாஸ்டர் அதுக்கப்புறம் ஆர்கன் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

பாராட்டு? அது சார் வாயில வராது. ஈஸ்டருக்கு நாங்க உயிரைக் குடுத்துப் பாடியிருப்போம், சபை முழுக்கக் கண்ணைத் துடைக்கும், இவிய பென்சிலைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு, "சுமார்"ம்பாவ. சுமார்னா அன்னைக்கு எங்களுக்கு விருந்து. பென்சில்னு சொன்னேன்லா, அதை வச்சுத்தான் தாளம் காட்டுவாவ. மத்த கொயர் மாஸ்டர்லாம் பளபளன்னு வெள்ளைக் குச்சி வச்சிருப்பாவ, எங்க சாருக்கு அரைப் பென்சில். பாடிக்கிட்டு இருக்கும்போதே அதால நோட்டுல எதையோ குறிச்சுக்கிடுவாவ. எங்களுக்குப் பயமா இருக்கும், யாரு தப்பைக் குறிக்காவளோன்னு.

எனக்கு ஒரு நாளும் பயம் கிடையாது. நான் எங்க தப்பு விட்டேன்?

ஒரு ரகசியம் சொல்லுதேன். சார் பென்சிலை நான் பாக்கவே மாட்டேன். பென்சில் கீழ விழுறதுக்கு முன்னால சார் மூக்கால ஒரு மூச்சு இழுப்பாவ. உஸ்ஸுன்னு. ஆல்டோவுல முன் வரிசையில நான் அந்த மூச்சுக்கு நேரா நிப்பேன். மூச்சு இழுத்தா எனக்குத் தெரிஞ்சிரும், பாட்டு வந்துட்டுன்னு. நான் வந்திருவேன். மத்ததுகள்லாம் பென்சில் எப்போ விழும்னு ஆடு மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கும். நான் போனதைப் பாத்துத்தான் எல்லாம் பின்னாலயே வரும். கோல்டுவின் மூச்சே விடமாட்டேங்கான், நான் என்னத்தைக் கேட்டுப் பாட?

இப்போ அந்தக் கட்டுரை விசயத்துக்கு வாரேன். அதுதான் என் மனத்தாங்கல். கேட்டுக்கிடுங்க.

எம்பத்தொம்பதாம் வருசம் கொயர் போட்டி. சுத்து வட்டாரத்துல பதினாலு கொயர். "காத்திருப்பேன்" பாடினோம். அதுல ஒரு இடம் வரும். மேல்குரல் பாடுத சோப்ரானோ மேல போய் "காத்திருப்பேன்"னு நிறுத்தும். அப்புறம் கோயிலே கப்சிப். அந்த அமைதியில இருந்து ஆல்டோ பைய "காத்திருப்பேன்"னு எந்திரிக்கும். நான் எந்திரிச்சேன் பாருங்க, சபையில முன்னால இருந்த அம்மா ஒருத்தி நெஞ்சுல கை வச்சுக்கிட்டா. ஷீல்டு நமக்குத்தான்னு எல்லாரும் நினைச்சோம். கிடைக்கல. மெட்ராஸ்ல இருந்து வந்த நடுவர் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. "ஆல்டோ முந்துகிறது." அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை, ஷீல்டு போச்சு.

ரோஸ்லின்னு ஒருத்தி, சோப்ரானோ. அவ எல்லார் முன்னாலயும் என்னைப் பாத்து, "சிலபேருக்குப் பொறுமை இல்லாததால இருவது பேருக்கு அவமானம்"ங்கா. நான் சும்மா இருப்பேனா? "சிலபேரு நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தாம நீட்டி முழக்கினா அப்படித்தான் தெரியும்"னேன். சண்டைன்னா சண்டை, வேனுக்குள்ள வச்சு. சார் முன் சீட்டுல இருந்து திரும்பினாவ. அந்தத் தாளை நாலா மடிச்சுப் பையில போட்டாவ. "அது தப்பில்ல. அது நம்ம பக்கத்து வழக்கம். நடுவருக்குத் தெரியல. நான் எழுதுவேன்"னாவ. ரோஸ்லின் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! எனக்கு அன்னைக்கு ஷீல்டு கிடைச்ச மாதிரிதான்.

ஆனா அதுக்கப்புறம் மூணு மாசம் சார் என்கிட்டப் பேசவே இல்ல. ஒரே ஒரு நாள், பிராக்டிஸ் முடிஞ்சு கேட்டாவ. "ஜெபக்கனி, உங்க ஊர்ல காலை ஜெபத்துக்குப் பாட்டை யாரு எடுத்துக் குடுப்பா?" நான் சொன்னேன், "உபதேசியார்தான் எடுக்கணும் சார், ஆனா அவரு தொண்டையைச் செருமி முடிக்கதுக்குள்ள எங்க அம்மா எடுத்துருவா. வீட்டு அடுப்புல பதனி காஞ்சுக்கிட்டு இருக்கும்லா, பொங்கிருமே." சார் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாவ. பாத்துட்டுப் போயிட்டாவ.

அடுத்த மாசம் கட்டுரை வந்துட்டு. எனக்கு மனப்பாடம். "தென்பாண்டித் திருச்சபைகளின் கூட்டுப்பாடலில் இரண்டாம் பெண்குரல் தட்டு விழுமுன்னரே எழுவது ஒரு பண்டை வழக்கு. பனைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பெண்கள், அடுப்பில் பதநீர் காயும் அவசரத்தோடு அதிகாலை ஜெபத்தில் பாடிய முறையில் இது வேர்கொண்டது. இதனை முந்தெடுப்பு எனக் குறிக்கலாம்." கேட்டியளா? எங்க அம்மா ஒருத்தி, கட்டுரைக்குள்ள போனதும் "பெண்கள்" ஆயிட்டா! நாலு பேராசிரியருங்க அவங்கவங்க புத்தகத்துல முந்தெடுப்பு முந்தெடுப்புன்னு எடுத்து எழுதியிருக்காவளாம். நல்லா இருக்கட்டும்.

ஆனா என் பேரு எங்க? நீங்களே சொல்லுங்க. ஏழு புத்தகம் எழுதினாவ சார். ஆர்கனுக்குத் துருத்தி அமுக்கினவர் பேரு இருக்கு. ஆர்கனுக்குப் பலகை செஞ்ச ஆசாரி பேரு இருக்கு. ஒரு பூனை ஆர்கன் பெட்டிக்குள்ள குட்டி போட்டு, ஒரு வாரம் ஆராதனை ஆர்கன் இல்லாம நடந்துது, அந்தப் பூனைக்கு அடிக்குறிப்பு இருக்கு தம்பி! சாம்பல் நிறம்னு வேற போட்டிருக்காவ. முந்தெடுப்பைச் சொன்னவ நான், பாடினவ நான், எனக்கு அந்தப் பூனைக்குக் கிடைச்ச மரியாதை கூட இல்ல. ரோஸ்லின் பேரு மூணு இடத்துல வருது. மூணு!

ஒரு நாள் வீட்டுக்குக்கூட வந்தாவ. அது போட்டிக்கெல்லாம் முன்னால. இன்னா, நீங்க இருக்கிய பாருங்க, இதே நாற்காலி. "ஜெபக்கனி, ஒரு விசயம்"னாவ. நான், "தெரியும் சார், காணிக்கைப் பாட்டுக்கு ஆல்டோ பத்தலைங்கதுதானே, நான் ரெண்டு பிள்ளையளைச் சேத்துவிடுதேன்"னேன். "அதில்ல…"ன்னாவ. "அப்போ பிராக்டிஸ் நேரம் மாத்தணுமா"ன்னேன். முறுக்கை எடுத்து வச்சேன். மூணு முறுக்கைத் தின்னாவ, தண்ணி குடிச்சாவ, எந்திரிச்சுப் போயிட்டாவ. என்ன விசயம்னு சொல்லவே இல்ல. படிச்சவங்களுக்கு எங்களை மாதிரி ஆள்கிட்டப் பேச என்ன இருக்கும்? அவ்வளவு தலைக்கனம்.

நீங்க ஏன் அப்பவே புடிச்சு வாயைத் திறக்கதும் மூடுறதுமா இருக்கிய? நான் விடலியோ? கேளுங்க, கேளுங்க. நான் வாயைத் திறக்கலை.

பதினோரு கோயிலா?

பதினோரு கோயிலுக்கும் போய்க் கேட்டியளா? ஒரு கொயர்லயும் ஆல்டோ முந்தி வரலியா? வயசானவங்களைக் கேட்டியளா? யாரும் கேள்விப்பட்டதே இல்லேன்னா… அவங்களுக்குப் பாடத் தெரியலைன்னு அர்த்தம். இல்ல? என்ன சொல்லுதிய? கட்டுரையில ஆதாரம் எதுவும் குடுக்கலியா? சாரா? எங்க சார் ஆதாரம் குடுக்காம எழுதினாவளா? நடக்காத காரியம் தம்பி. பூனைக்கு ஆதாரம் குடுத்தவிய அவிய.

என்னது? அந்த ஒரு கட்டுரையைத் தொகுப்புல இருந்து எடுத்துரலாமான்னு யோசிக்கியளா? சார் பேருக்குக் கெடுதலாயிருமா? ஏ ஆண்டவரே. அதை எடுத்துட்டா நான் கோல்டுவின்கிட்ட எதைக் காட்ட? நாளைக்கு எங்க நிப்பேன் நான்? சார் பாட்டை, சாரோட நாள்ல, கீழ உக்காந்து கேக்கவா?

இருங்க. ஆதாரம்தானே வேணும்? சார் போனப்புறம் ஹெப்சி அக்கா, சாரோட வீட்டம்மா, ஆளாளுக்கு ஒரு பொருள் குடுத்தாவ. ரோஸ்லினுக்கு ஏழு புத்தகமும், உள்ள சார் கையெழுத்தோட. எனக்கு மட்டும் துணியில சுத்தி ஒரு பழைய தாள் கட்டு. "இது உனக்குன்னு சொல்லி வச்சிருந்தாவ"ன்னு குடுத்தாவ. மேல "காத்திருப்பேன்"னு எழுதியிருந்துது. கொயர்ல எல்லார்கிட்டயும் இருக்க அதே பாட்டு! எனக்கு வந்த கோவத்துல பீரோ மேல தூக்கிப் போட்டேன், அஞ்சு வருசமாப் பிரிக்கலை. அதுல எதாவது எழுதியிருப்பாவ. அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க. நீங்க ஏற வேண்டாம், நான் ஏறிட்டேன்.

பாருங்க, தூசி. பிரிங்க. அது சாரோட சொந்தப் பிரதிதான். இதுல கோடு போட்ட இசை எல்லாம் கிடையாது, எங்களுக்கு டோ ரே மீ எழுத்துதான், ஸோல்ஃபா. மேல் வரி சோப்ரானோ, ரெண்டாவது ஆல்டோ. ஆல்டோ நுழையுற இடத்தைப் பாருங்க. அங்க ஒரு தட்டு காலியா விட்டு… விட்டிருக்காவளா? காலியாவா? அப்போ ஒரு தட்டு நிக்கணும்னா எழுதியிருக்காவ? சரி, ஓரத்துல என்னமோ பென்சில்ல இருக்கே. ஏன் நிறுத்திட்டிய? வாசிங்க. தாங்க இங்க, நானே வாசிக்கேன், கண்ணாடி கழுத்துலதான் கிடக்கு.

"11.10.86. ஜெ. முந்துகிறாள். சொல்ல வேண்டும்."

ஜெ. யாரு? ஜெசிந்தா அப்போ கொயர்ல இல்லியே.

"18.10.86. இன்றும். அடுத்த வாரம் கட்டாயம் சொல்ல வேண்டும்."

"6.12.86. கிறிஸ்மஸ் கழியட்டும்."

"14.3.87. ஜெ. வீட்டிற்குச் சொல்லப் போனேன். பேச விடவில்லை. முறுக்கு நன்று."

முறுக்கு நன்றாம்.

தம்பி, அந்தத் தண்ணியை எடுங்க.

ஒண்ணுமில்ல, தூசி. இன்னும் இருக்கு. "13.8.88. ஜெ.க்குச் சளி, வரவில்லை. எல்லாரும் எழுதியபடியே சரியாகப் பாடினார்கள். பாட்டு செத்துக் கிடந்தது." அதுக்குக் கீழ, "20.8.88. வந்தாள். முந்தினாள். அப்பாடா."

அதுக்கும் கீழ தேதி இல்ல. "இனிச் சொல்வதில்லை." அந்தக் காலித் தட்டு மேல மையால கோடு போட்டு அடிச்சிருக்காவ பாருங்க. பென்சில் இல்ல, மை. அழிக்க முடியாம.

அப்போ நான் முந்திக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். முப்பத்தேழு வருசம். ரோஸ்லின் சொன்னது நிசம். அந்த நடுவர் எழுதினது நிசம். கோல்டுவின்… ஏ சாமி, அந்தப் பையனை நான் என்னெல்லாம் பேசினேன் உங்ககிட்ட. அதையெல்லாம் அந்தப் போன் பிடிச்சிருக்குமே, அழிச்சிருங்க.

ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதாத மனுசன் தம்பி. பாஸ்டரையே வாசல்ல வச்சுத் திருத்தினவிய. வேன்ல இருவது பேருக்கு முன்னால நான் குத்தவாளியா நிக்கக் கூடாதுன்னு வழக்கம்னு ஒரு வார்த்தை சொன்னாவ. சொன்னதைக் காப்பாத்த ஒரு கட்டுரை எழுதினாவ. எங்க அம்மாவைப் "பெண்கள்" ஆக்கினாவ. என் பேரை ஏன் போடலைன்னு இத்தனை வருசம் வஞ்சேனே. பேரைப் போட்டா, முந்தினவ யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிருமேன்னு மறைச்சிருக்காவ! பூனைக்கு என்ன பயம், அதுக்கு நிறத்தைக்கூடப் போட்டாவ.

எனக்கு அழுகையா வருது, சிரிப்பாவும் வருது. நீங்க முறுக்கைத் தின்னுங்க, என்னைப் பாக்காதிய.

சரி. கட்டுரையை என்ன செய்யன்னு கேக்கத்தானே போறிய? எடுக்காதிய. ஆனா பொய்யா விடவும் வேண்டாம். முந்தி ஓடினா முந்தினதுதான், யாரா இருந்தாலும் திருப்பி நிறுத்தணும், நான் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். அடியில ஒரு குறிப்புப் போடுங்க. "இது தென்பாண்டி வழக்கமில்லை. பாளையங்கோட்டை ஜெபக்கனி வழக்கம். அவளுக்கு முன்னால அவ அம்மா செல்லக்கனி வழக்கம்"னு போடுங்க. ரெண்டு பேரு செஞ்சாலும் வழக்கம் வழக்கம்தானே? பூனை நிறத்தைப் போட்ட மாதிரி என் சேலை நிறத்தைப் போட வேண்டாம், அது போதும்.

ஆனா ஒரு பெரிய இக்கட்டுல கொண்டாந்து விட்டுட்டியளே தம்பி. இத்தனை நாளும் தெரியாம முந்தினேன். இனி தெரிஞ்சு எப்படி முந்துவேன்? சார் சொல்லாம இருந்தது அதுக்குத்தானே. சொல்லியிருந்தா நான் சரியாப் பாடியிருப்பேன், பாட்டு செத்திருக்கும். நீங்க அந்தத் துணியைப் பிரிச்சிருக்கவே கூடாது. நான்தான் பிரிக்கச் சொன்னேன், சரி.

இருங்க, பாத்துருவோம். அந்த டீப்பாயைத் தட்டுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, இப்படி. சோப்ரானோவையும் நானே பாடிக்கிடுதேன். காத்திருப்பேன்ன்ன்… தட்டுங்க…

காத்திருப்பேன்.

சரியா வந்துட்டேனா? தட்டுல வச்ச மாதிரியா? இன்னொரு தடவை தட்டுங்க. காத்திருப்பேன்ன்ன்…

காத்திருப்பேன்.

போச்சு. ஊசி முனையில நிக்கிற மாதிரி வந்து நிக்குது. கோல்டுவினுக்கு நாளைக்குப் பெரிய சந்தோசம். கேட்டியளா அதை? உயிர் இருக்கா அதுல? சார் இருந்தா சுமார்னு கூடச் சொல்லமாட்டாவ. ஏந்தம்பி, எழுவது வயசுல ஒருத்திக்கு இருந்தது ஒரு தப்பு, அதையும் பிடுங்கிக்கிட்டியளே. எனக்கு வேற என்ன இருக்குன்னு நான் நாளைக்கு அந்தப் படியில ஏறி நிக்க?

சரி விடுங்க. தேம்பிக்கிட்டு இருந்தா எப்படி. அந்தத் தாள் கட்டைத் திருப்பிச் சுத்துங்க, பைய, ஓரம் ஒடியுது. அதை நீங்க கையில எடுத்துக்கிட்டு வந்து கோல்டுவின்கிட்டக் காட்டுங்க. நான் காட்டமாட்டேன், எனக்கு வெக்கமா இருக்கு. அவன் வாசிக்கட்டும், வாசிச்சிட்டு என்னை மேல நிறுத்தினாலும் சரி, கீழ உக்கார வச்சாலும் சரி, இனி அவன்கூடச் சண்டை போடமாட்டேன். அந்த மூணாந்தடவை அழுதானே, அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும் அவன்கிட்ட. இன்னா, பாட்டு நோட்டை எடுத்துட்டேன். கண்ணாடி. தண்ணி பாட்டில். பின் கதவைச் சாத்திட்டேன். செருப்பை மாட்டிட்டேன். இந்த விளக்கை நீங்க அணைச்சிருங்க, கதவுக்குப் பக்கத்துல சுவிச்சு. சாவி திண்டுல இருக்கு, பூட்டி எடுத்துக்கிட்டு வாங்க. நான் கேட்டைத் திறந்துட்டேன்…

ஏன் அங்கனயே நின்னு சிரிக்கிய?

மணியா? மணிக்கு என்ன?

இன்னும் அடிக்கலியா?

பத்து நிமிசம் முந்திட்டேனா!

அப்பாடா.